பதினொன்று பத்துக்கு ஒரு நடுக்கம்

பேனா துள்ளியது.

ஒரு தடவை அல்ல, ஆறு தடவை. அதுவரை சுழலும் உருளையில் நல்ல பிள்ளையாக நேர்க்கோடு போட்டுக்கொண்டிருந்த சிவப்பு மைப் பேனா, பேய் பிடித்ததுபோல் ஆடி ஆறு கூர்மையான கீறல்களைப் போட்டது. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் நேர்க்கோட்டுக்குத் திரும்பியது.

குடைச்சல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை, காலை பதினொன்று பத்து.

"மேடம்!" என்று அலறினாள். "பூமி!"

குடைச்சல் என்பது பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயர் அல்ல. மூன்று வயதில் 'மழை ஏன் மேல போகாது?' என்று அப்பாவை ஒரு மணி நேரம் குடைந்தெடுத்தபோது அண்ணன் வைத்தது. இப்போது வயது பதினைந்து. பெயர் தோலோடு ஒட்டிவிட்டது.

கோடை விடுமுறையில் ஊர்க் கல்லூரி பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் கதவைத் திறந்துவிடும். தேனீயின் உடலமைப்பு முதல் பழைய வழக்குகளைப் படிப்பது வரை பதினான்கு வகுப்புகள். பிடித்ததில் சேரலாம். குடைச்சல் சேர்ந்தது நிலநடுக்க வகுப்பில். மொத்தம் ஒன்பது பேர். சொல்லிக் கொடுப்பவரை 'நடுக்க மேடம்' என்று கூப்பிட்டார்கள். அவர் எதற்கும் நடுங்கியதாகத் தகவல் இல்லை.

முதல் வாரம் முழுக்க அடித்தளத்து சேமிப்பறையில் உட்கார்ந்து ஒன்பது பேரும் சொந்தக் கையால் ஒரு கருவி கட்டினார்கள். இரும்புச் சட்டத்தில் தொங்கும் நீளக் கம்பி. அதன் நுனியில் எட்டுக் கிலோ குண்டு. தறிகெட்டு ஆடாமலிருக்க ஒரு தொட்டி எண்ணெய். குண்டோடு ஒரு பேனா, பேனாவுக்குக் கீழே மெல்லச் சுழலும் காகித உருளை. பூமி அசைந்தால் காகிதம் அசையும், குண்டு அசையாது. பேனா காட்டிக்கொடுக்கும். எல்லாம் ஒரு பழைய மர மேஜைமேல் இருந்தது.

மேடம் போட்ட விதி ஒன்றே ஒன்றுதான். "காகிதத்துல போட்டதை அழிக்கக் கூடாது. யாராவது தும்மினாலும் மேஜையில இடிச்சாலும் பக்கத்துல எழுதணும். தப்பா எழுதிட்டா கீழ திருத்தி எழுதுங்க. ரப்பரை எடுத்தா கையை எடுத்துடுவேன்."

இதில் குடைச்சலுக்கு இருந்தது வெறும் ஆர்வம் மட்டும் அல்ல. உயிர்ப் பிரச்சினை.

ஊருக்கு வெளியே நிலநடுக்கப் பதிவு நிலையம் ஒன்று இருந்தது. கோடை வகுப்பிலிருந்து ஒரே ஒரு ஆளை மிச்சமுள்ள நான்கு வார விடுமுறைக்கும் அங்கே சேர்த்துக்கொள்வார்கள். அந்த இடம் கிடைக்கவில்லை என்றால்? சித்தி வீடு. சித்தி வீட்டில் இரண்டரை வயதில் இரட்டைப் பையன்கள். தெருவே 'ரெட்டை வெடி' என்றுதான் சொல்லும். போன விடுமுறையில் மூத்தவன் அவளுடைய கணக்கு நோட்டைத் தின்றான். இளையவன் அவள் கணுக்காலைத் தின்னப் பார்த்தான்.

அம்மா தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "இடம் கிடைச்சா நிலையம். கிடைக்கலைன்னா சித்தி வீடு. நடுவுல படுத்துத் தூங்குற வேலையே இல்ல."

இந்த நேரத்தில்தான் பேனா துள்ளியது.

செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு மறுபடி ஆறு கீறல். புதன்கிழமை பதினொன்று பத்துக்கு அதே ஆறு. குடைச்சல் மூன்று சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்று நாளும் ஒரே நேரம், ஒரே எண்ணிக்கை! கண்ணை மூடினால் நிலையத்தின் வாசல் தெரிந்தது.

அந்த ஆனந்தத்தைக் கெடுக்கவென்றே புதன்கிழமை அண்ணன் வந்து சேர்ந்தான்.

அண்ணன் பதினேழு வயது, எண்பத்தொரு கிலோ. வரலாற்று வகுப்பில் சேர்ந்திருந்தான். வகுப்பின் பெயர் 'கூட்டம்: மக்கள் திரண்ட நாள்கள்'. பரீட்சை கிடையாது என்று யாரோ கிளப்பிவிட்டதில் அதில் மட்டும் நாற்பத்திரண்டு பேர். அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், "ரகசியம். கடைசி நாள் மேடையில பாரு" என்பான். இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாட்டுப் பை. அவனிடம் கொடுத்தால் பத்து மணிக்கே காலியாகிவிடும் என்பதால் பை குடைச்சலின் பாதுகாப்பில், மேஜைக்கு அடியில் இருந்தது.

"ரெண்டு முட்டை மட்டும் எடுத்துக்கறேன்," என்று உள்ளே வந்தான். நேரம் பதினொன்று இருபத்தாறு.

"மேஜையைத் தொடாத!"

"தொடல."

"சாயாத!"

"யாரு சாயுறா? குனிஞ்சுதானே எடுக்கணும்? பறந்தா எடுக்க முடியும்?"

முட்டையோடு போய்விட்டான். குடைச்சல் திரும்பிப் பார்த்தாள். சிவப்புக் கோடு நேராக இல்லை. கீறலும் இல்லை. கடல் அலைபோல் பெரிதாக, சோம்பேறித்தனமாக வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. கூர்மையே கிடையாது. பார்த்தாலே தெரிந்தது, இது அண்ணனின் உடல்வாகு! மேஜையில் இடுப்பைச் சாய்த்திருக்கிறான். இவன் இடித்த இடியில் எட்டுக் கிலோ குண்டு ஊஞ்சலாடுகிறது.

பல்லைக் கடித்துக்கொண்டு காகித ஓரத்தில் எழுதினாள்: *11.26. அண்ணன் மேஜையில் சாய்ந்தான்.*

சாயங்காலம் அம்மாவிடம் வழக்கு போனது.

"நான் சாயலம்மா!"

"பேனா பொய் சொல்லுமாடா?"

"பேனா சொல்லாது. இவ சொல்லுவா!"

தீர்ப்பு: ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும்.

வியாழக்கிழமை குடைச்சல் துணிந்துவிட்டாள். மேடத்திடம் போய், "இன்னிக்கும் பதினொன்னு பத்துக்கு வரும்," என்றாள். மேடம் புருவத்தைத் தூக்கினார். "பூமி கடிகாரம் கட்டிக்கிட்டு வராதும்மா. வேற ஏதாவது காரணம் இருக்கும், தேடு. மோட்டாரைப் பாத்தியா?" பார்த்தாகிவிட்டது. அந்த நேரத்தில் மோட்டார் ஓடவில்லை, லாரி வரவில்லை, கதவு அடிக்கவில்லை. அடித்தளத்தில் ஒரு சத்தமும் இல்லை.

இந்தப் பேச்சு ஒருங்கிணைப்பாளர் காதில் விழுந்ததுதான் வினை. பதினான்கு வகுப்புக்கும் பொறுப்பு அவர்தான். முன்னாள் விளையாட்டு ஆசிரியர். கழுத்தில் தொங்கும் விசிலை அவர் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது மாணவர்களிடையே நீண்ட நாள் விவாதம். தானே பார்க்கிறேன் என்று வந்து கருவிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

பதினொன்று ஒன்பது.

பதினொன்று பத்து.

பேனா துள்ளியது. ஒன்று, இரண்டு, மூன்று...

நாலாவதை எண்ண அவர் அங்கே இல்லை. படிக்கட்டில் விசில் பறந்துகொண்டிருந்தது. "எல்லாரும் வெளியே! ஓடாதீங்க! வேகமா ஓடாதீங்க! ஓடுங்க!"

ஐந்தே நிமிடத்தில் கட்டடம் புல்வெளிக்கு வந்துவிட்டது. தேனீ வகுப்பு கூட்டுப்பெட்டியோடு வந்ததால் அவர்களைச் சுற்றி முப்பதடிக்கு யாரும் இல்லை. வேதியியல் வகுப்பு பச்சையாகப் புகையும் குடுவையை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றிக்கொண்டே வந்தது. தத்துவ வகுப்பு கடைசியில் வந்தது. வெளியே போவது அவசியமா என்று அவர்கள் ஓட்டெடுப்பு நடத்தியிருந்தார்கள். வரலாற்று வகுப்பு நாற்பத்திரண்டு பேரும் வெறுங்காலோடு, செருப்பைக் கையில் பிடித்தபடி, வியர்த்து விறுவிறுத்து நின்றார்கள்.

"என்னடா, பயந்துட்டியா?" என்றாள் குடைச்சல்.

"பயமா? எனக்கா?" அண்ணன் மூச்சு வாங்கினான். "வகுப்பு கொஞ்சம் மும்முரமா போச்சு."

அவள் காதில் அது ஏறவில்லை. அவள் அப்போது தரையில் இல்லை. ஒருங்கிணைப்பாளர் போனில் பதிவு நிலையத்தோடு பேசிக்கொண்டிருந்தார். "ஆமாம்மா, தினமும்! பொண்ணு முன்கூட்டியே சொல்லுது! நாளைக்கு வர்றீங்களா? பதினொன்னுக்கா? வாங்க, வாங்க!"

நிலையத் தலைவரே வருகிறார்! குடைச்சல் அன்று வீடுவரை நடந்து போனாளா மிதந்து போனாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ரெட்டை வெடிக்கு மனசுக்குள்ளேயே டாட்டா காட்டினாள்.

வெள்ளிக்கிழமை. கடைசி நாள்.

தலைவர் பத்து ஐம்பதுக்கே வந்துவிட்டார். அறுபதை நெருங்கும் அம்மாள், நரைத்த குட்டை முடி, முழங்கால் வலி. படி இறங்கி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உக்கார ஏதாவது இருக்கா?" சேமிப்பறையில் முக்காலிகள்தான் இருந்தன. மேடம் குடைச்சலைப் பார்த்தார். "மேல பின்பக்க ஹாலில சாய்வு நாற்காலி இருக்கும். சட்டுனு கொண்டா."

நாற்காலிக்காக ஓடினாள். அடித்தளம், தரைத்தளம், முதல் மாடி, கோடிவரை நீளும் நடை. ஹால் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே சுவரோரமாகச் செருப்பு. வரிசையாக, ஜோடி ஜோடியாக, நாற்பத்துச் சொச்சம்.

கால் தானாக நின்றது.

வெறுங்கால். நேற்றுப் புல்வெளியில் நாற்பத்திரண்டு வெறுங்கால்கள். வியர்வை. 'கொஞ்சம் மும்முரமா போச்சு.'

கதவைத் தள்ளினாள்.

உள்ளே தரை முழுக்கத் தடித்த கம்பளம். எதிர்ச்சுவரில் அட்டையில் செய்த ஆளுயரக் கோட்டைக் கதவு. நாற்பத்திரண்டு பேரும் சுருட்டிய இன்னொரு கம்பளத்தை உத்தரம் மாதிரித் தோளில் தாங்கி நின்றார்கள். உத்தரத்தின் வால் பக்கம் அண்ணன். முன்னால் நாற்காலிமேல் ஏறி நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார் வரலாற்று சார். ஐந்தடி உயரம், ஆறடிக் குரல்.

"கோவமா கத்துங்க!" என்று அவர் கிசுகிசுத்தார். "ஆனா சத்தம் வரக் கூடாது! பக்கத்துல தத்துவ வகுப்பு ரெண்டு தடவை புகார் பண்ணியாச்சு! மோதறப்போ எல்லாரும் சேர்ந்து குதிக்கணும். ஆறு மோதல், ஏழாவதுக்கு கதவு திறந்துடும்!"

"சார்," என்றாள் குடைச்சல். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இதை தினமும் எத்தனை மணிக்குப் பண்ணுவீங்க?"

"பதினொன்னு பத்துக்கு. பதினொன்னுக்கு இடைவேளை முடியும். இந்த மந்தையை வரிசையில நிறுத்த எனக்குப் பத்து நிமிஷம். ஏம்மா?"

"திங்கட்கிழமையிலேருந்தா?"

"திங்கள்லேருந்து. நேத்து மட்டும் நாலாவது மோதல்ல எவனோ விசில் ஊதிக் கெடுத்துட்டான்."

குடைச்சல் கம்பளத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் உத்தரத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். வால் பக்கம் கனம் போனதில் தலைப்பக்கத்து ஆள்கள் குப்புற விழுந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது, சுருங்கியது, மறுபடி மலர்ந்தது.

"அப்போ கட்டடத்தையே காலி பண்ண வச்சது நாங்களா?"

"பல்லைக் காட்டாத! கீழ தலைவரம்மா உக்காந்திருக்காங்க. நான் செத்தேன்."

"எதுக்குச் சாவணும்? ஏய், கேளு." அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "நீ பேசாம கீழ போ. நாங்க நேத்தைவிடப் பலமா குதிக்கிறோம். அந்தம்மா அசந்துபோய் இடத்தைக் குடுத்துடுவாங்க. விஷயம் நாப்பத்தி மூணு பேருக்குத்தான் தெரியும்."

"என்னைச் சேத்தா நாப்பத்தி நாலு."

"உன் வாயை நீயே மூட மாட்டியா?"

அது முடியாது என்றுதானே அவளுக்குப் பேரே வந்தது. ஆனாலும் யோசித்தாள். இளைய வெடியின் பற்கள் ஞாபகம் வந்தன. கணுக்கால் தானாக அரித்தது. நாற்பத்திரண்டு முகங்களும் வரலாற்று சாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தில் பதினொன்று ஏழு.

எழுந்தாள். ஹால் மூலையில் கிடந்த சாய்வு நாற்காலியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"குதிங்க," என்றாள். "சரியா பத்துக்கு. நல்லா குதிங்க."

"அப்படிப் போடு!" என்றான் அண்ணன்.

குடைச்சல் படிகளில் உருண்டாள் என்றே சொல்லலாம். நாற்காலி இரண்டு சுவரிலும் இடித்தது. சேமிப்பறைக்குள் நுழைந்து நாற்காலியைப் போட்டு, தலைவரை உட்காரவைத்துவிட்டு நிமிர்ந்தபோது பதினொன்று பத்து.

பேனா துள்ளியது. ஆறு கீறல்கள், இதுவரை வராத உயரத்தில்!

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" ஒருங்கிணைப்பாளர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

குடைச்சல் பாய்ந்து விசிலை உள்ளங்கையால் மூடினாள்.

"ஊதாதீங்க சார். அது பூமி இல்ல. எங்க அண்ணன்."

கூரையை நோக்கி விரலை நீட்டினாள்.

"மேல வரலாற்று வகுப்பு கோட்டைக் கதவை உடைக்கிறாங்க. நாப்பத்திரண்டு பேர் ஒண்ணா குதிக்கிறாங்க. கம்பளத்துமேல வெறுங்கால்ல குதிக்கிறதால சத்தம் வரல, அதிர்வு மட்டும் தூண் வழியா இறங்குது. எனக்கு இப்பதான் தெரியும். தெரிஞ்சதும் குதிக்கச் சொல்லிட்டு வந்தேன், நீங்களே ஒத்துப் பாக்கணும்னு." மூச்சு விடாமல் காகிதத்தின்மேல் விரலை வைத்தாள். "இது முதல் மோதல். இந்தத் தடிச்ச கீறல் எல்லாரும் சேர்ந்து. இங்க மயிரிழை தள்ளித் தனியா ஒரு குட்டிக் கீறல் இருக்கு பாருங்க. ஆறுலயும் இருக்கு, அஞ்சு நாளும் இருக்கு. அது எங்க அண்ணன். எப்பவுமே லேட்."

ஒருங்கிணைப்பாளர் பேயறைந்ததுபோல் நின்றார். மேடம் குனிந்து அந்தக் குட்டிக் கீறலைப் பார்த்தார். தலைவர் நாற்காலியே குலுங்கும்படி சிரித்தார். பேனா அதையும் பதிவு செய்தது.

"பதினொன்னு பத்துன்னு போன்ல சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்தான்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இடைவேளை பாத்து நடுங்குற பூமியை இந்த முப்பது வருஷத்துல நான் பாத்ததில்ல. எது குதிக்குதுன்னு பாக்கத்தான் வந்தேன். நீயே சொல்லிட்ட. சரி, மத்த நாள் காகிதத்தைக் காட்டு."

குடைச்சல் தொங்கிய முகத்தோடு சுருள்களை எடுத்துக் கொடுத்தாள். இனி எதைப் பார்த்து என்ன? மனசுக்குள் சித்தி வீட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கள். செவ்வாய். புதன்.

தலைவரின் விரல் நின்றது.

"இது என்ன?"

"அதுவும் அண்ணன்தான். முட்டை எடுக்க வந்தப்போ மேஜையில சாஞ்சுட்டான். பக்கத்துல எழுதியிருக்கேன்."

"எவ்வளவு நேரம் சாஞ்சார்?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"இந்த அலை இருபது நிமிஷம் போகுதே. முட்டையை இங்கயே அடை வச்சாரா?"

அந்த நேரம் பார்த்துப் படியில் தடதடவென்று சத்தம். அண்ணன் வெறுங்காலோடு வந்து நின்றான், பின்னால் வரலாற்று சாரும் பாதி வகுப்பும். "என்ன ஆச்சு? இடம் கிடைச்சுதா?" என்றவன் கண்ணில் புதன்கிழமைக் காகிதம் பட்டது. "இதையா காட்டுற? மேடம், சத்தியமா சொல்றேன், நான் சாயவே இல்ல! குனிஞ்சேன், எடுத்தேன், போனேன்! இதுக்காக ரெண்டு நாளா பாத்திரம் கழுவறேன்!"

தலைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, அந்த மேஜையில இப்போ கொஞ்சம் சாயுங்க."

அண்ணன் சந்தேகத்தோடு இடுப்பைக் கொடுத்தான். பேனா ஒரு பக்கமாக ஒதுங்கி, நடுங்கி, தாறுமாறாகக் கிறுக்கியது. விலகினான். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. அந்தக் கிறுக்கலுக்கும் புதன்கிழமை அலைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

தலைவர் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எதையோ தேடி, திரையைக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

திரையில் ஒரு கோடு. பெரிதாக, சோம்பேறித்தனமாக, வளைந்து வளைந்து. மேலே நேரம் போட்டிருந்தது: புதன், பதினொன்று இருபத்தாறு.

"எங்க நிலையத்துப் பதிவு," என்றார். "உலகத்தோட அந்தக் கோடியில, நடுக்கடலுக்கு அடியில வந்த நிலநடுக்கம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவ்வளவு தூரம் ஓடி வந்ததால இப்படி நீளமா, மெதுவாத்தான் வரும்." அவர் குண்டையும் எண்ணெய்த் தொட்டியையும் நீளக் கம்பியையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இதை இந்தக் குண்டு பிடிச்சிருக்கு. நீ அண்ணன் தலையில கட்டிட்ட."

குடைச்சல் வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அதிலிருந்து கேள்வி எதுவும் வரவில்லை.

வந்தது அண்ணனிடமிருந்து. "அப்போ நான் சாயலதானே?"

"இல்ல தம்பி. நீங்க சாயல."

அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான். பின்னால் நின்ற பாதி வகுப்பும் குதித்தது. ஒருங்கிணைப்பாளர் பழக்கதோஷத்தில் விசில் ஊதிவிட்டார். மேலே பெஞ்சுகள் நகரும் சத்தம். இந்தத் தடவை தத்துவ வகுப்பு ஓட்டெடுப்பு நடத்தாமலே ஓடியது.

அமளி அடங்கியதும் தலைவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். "திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்துடு. எங்க பதிவுலயும் லாரி, மோட்டார், பக்கத்துப் பள்ளிக்கூடத்து மணின்னு ஆயிரம் குப்பை. ஒரு ஆள் லேட்டா குதிச்சதைக்கூடப் பிரிச்சுப் பாக்குற கண்ணு எனக்கு வேணும். நல்லவேளை, நீ இதை அழிக்கல. அழிச்சிருந்தா நான் கைகுலுக்கிட்டுப் போயிருப்பேன்."

நடுக்க மேடத்தின் கை லேசாக நடுங்கியது. ஒன்பது பேரும் பார்த்தார்கள். யாரும் பதிவு செய்யவில்லை.

குடைச்சல் வாசலுக்கு ஓடி அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "ரொம்ப சந்தோஷம்டி," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "சித்திகிட்ட ஆள் அனுப்பறேன்னு வாக்குக் குடுத்துட்டேனே. உங்க அண்ணன் சும்மாதானே இருக்கான்?"

செய்தியைக் கேட்டதும் அண்ணன் முகத்தில் கோட்டைக் கதவு சாத்திக்கொண்டது.

"கணுக்காலுக்கு ரெண்டு காலுறை போட்டுக்கோ," என்றாள் குடைச்சல் அக்கறையாக. "கடிச்சாலும் உனக்கு லேட்டாத்தான் தெரியும்."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல அந்தக் காகிதத்துல என் பேரை எடு. அடி, கிழி, என்னவோ பண்ணு!"

"அழிக்கக் கூடாதுடா. விதி."

"அப்போ திருத்தி எழுது! இப்பவே, என் கண்ணு முன்னாடி!"

குடைச்சல் சுருளை விரித்தாள். புதன்கிழமையின் ஓரத்தில், தன் பழைய எழுத்துக்குக் கீழே, சிவப்பு மையில், அண்ணன் தோளுக்குமேல் எட்டிப் பார்க்கப் பார்க்க, நிதானமாக எழுதினாள்:

*11.26. அண்ணன் சாயவில்லை. பூமி.*